பழைய சீனச் செதுக்குப் பொருள்களில் செடியும் பூவும் காயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சீனச் செதுக்குவேலை ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு செடிதான். மூங்கில் குடுவையில் பைன் மரம், மூக்குப்பொடிக் குப்பியில் சுரைக்கொடி, அரக்குப் பெட்டியின் மூடி நிறையப் பியோனிப் பூ. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று நண்பர்கள் படம் பிடித்து அனுப்பிக் கேட்பது எனக்குப் பழகிவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். இங்கே பேசப்படுபவை பெரும்பாலும் மிங் (1368–1644), சிங் (1644–1912) காலத்துப் பொருள்கள்.

இந்தச் செடிகளுக்கு நிஜமாகவே அர்த்தம் உண்டா, வெறும் அலங்காரமா?

பெரும்பாலானவற்றுக்கு உண்டு. இவற்றில் பல, பரிசாகக் கைமாறியவை. பிறந்தநாளுக்கு, கல்யாணத்துக்கு, அரசுப் பதவிக்கான தேர்வில் வென்ற பையனுக்கு, பதவி உயர்ந்தவருக்கு என்று கொடுத்தவை. கொடுப்பவர் வாயால் சொல்லவேண்டிய வாழ்த்தை அந்தச் செடி சொல்லிவிடும்.

வாழ்த்து மூன்று வழியாக வரும். செடியின் பெயர் வேறொரு நல்ல சொல்லைப்போல ஒலிக்கலாம். செடியின் குணமே பொருளாகலாம். பனியிலும் பச்சை மாறாத பைன் அப்படி. இல்லாவிட்டால் செடிக்குப் பின்னால் ஊரறிந்த கதை ஒன்று இருக்கும்.

ஒரே செடி ஆளுக்கு ஆள் வேறு பேசும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அதனால் "தாமரைக்கு என்ன அர்த்தம்?" என்பதைவிட "இந்தத் தாமரையை யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்திருப்பார்கள்?" என்று கேட்பதுதான் பயன் தரும்.

ஒலியை வைத்து எப்படி வாழ்த்துகிறார்கள்?

சிலேடை நமக்குப் புதிதல்ல. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடைத்துக் காட்டிய மொழி நம்முடையது. சீனத்தில் அசைகள் குறைவு, சொற்கள் ஏராளம். ஆகவே ஒரே ஒலியைப் பல சொற்கள் பங்கு போட்டுக்கொள்ளும். கவிஞர் செய்யவேண்டிய வேலையை மொழியே பாதி செய்து வைத்திருக்கிறது.

தாமரை 'லியென்'. 'தொடர்ந்து' என்பதும் 'லியென்'. மீன் 'யூ', மிச்சம், உபரி என்பதும் 'யூ'. தாமரையும் மீனும் சேர்ந்து வந்தால் "ஆண்டுதோறும் மிச்சம் நிற்கட்டும்" என்று ஆகிவிடும். பூச்சாடி 'பிங்', அமைதியைக் குறிக்கும் 'பிங்' அதே ஒலி. சாடியில் நான்கு பருவப் பூக்களையும் வைத்தால் நான்கு பருவமும் அமைதி. பெர்சிமன் பழம் 'ஷி'. காரியம் என்பதும் 'ஷி'. இரண்டு பெர்சிமன் பழங்களோடு லிங்ஜி காளான் ஒன்றைச் செதுக்கினால் (காளான் ஏன் 'நினைத்தபடி' ஆகிறது என்பது பின்னால் வருகிறது) "எல்லாக் காரியமும் நினைத்தபடி நடக்கட்டும்".

சில பொருத்தங்கள் அச்சு அசலாக இருக்கும், சிலவற்றில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கவேண்டும். சுரைக்காய் 'ஹூலூ', பாக்கியமும் பதவியும் 'ஃபூலூ'. ஏறக்குறைய ஒத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

தாமரைக்கு ஏன் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு அர்த்தம் சொல்கிறது?

எல்லாமே சரியாக இருப்பதுதான் காரணம்.

புத்தர் சிலையின் பீடத்தில் தாமரை இருந்தால் அது பௌத்தம். விளக்கம் வேண்டியதில்லை.

அதிகாரி ஒருவரின் மேசையில் ஒற்றைத் தாமரை இருந்தால், ஊழலற்ற நேர்மை என்பதற்கும் 'லியென்' என்ற ஒலியே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு 11ஆம் நூற்றாண்டு அறிஞர் சோ துன்யி (1017–1073) தாமரையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை ஒன்று படித்தவர் எல்லாருக்கும் மனப்பாடம். சேற்றிலிருந்து வந்தும் சேறு ஒட்டாத பூ, பூக்களில் இது சான்றோன் என்றார் அவர். நம் 'சேற்றில் முளைத்த செந்தாமரை'க்கு வெகு பக்கத்தில் வருகிறது.

ஒரே தண்டில் இரண்டு தாமரை என்றால் அது தம்பதிக்கு. தாமரைக்கு 'ஹெ' என்று இன்னொரு பெயரும் உண்டு. இணக்கம் என்பதற்கும் அதே ஒலி.

விதைகள் பிதுங்கத் தெரியும் தாமரைப் பொகுட்டு என்றால் குழந்தைகள். தாமரை விதை 'லியென்ஸி'. 'தொடர்ந்து பிள்ளைகள்' என்பதும் அப்படியே ஒலிக்கும். பக்கத்தில் ஒஸ்மாந்தஸ் பூக்கிளை இருந்தால் இன்னும் மேலே போகிறது. அது 'குய்', மேன்மை என்பதும் 'குய்'. "மேன்மையான பிள்ளைகள் வரிசையாகப் பிறக்கட்டும்."

தாமரைக் குளத்தில் ஒற்றைக் கொக்கு நின்றால் அது தேர்வு எழுதப்போகும் பையனுக்கு. 'ஒரு கொக்கு' என்பதும் 'வழி முழுவதும்' என்பதும் ஒரே ஒலி. போகிற வழியெல்லாம் தொடர்ந்து தேர்ச்சி பெறு என்று பொருள்.

ஆகவே தாமரையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இந்தத் தாமரை இந்தியாவிலிருந்து போனதா?

செடி இல்லை. சீனக் குளங்களில் தாமரை முன்பே இருந்தது. பௌத்தத்தோடு போனது தாமரைப் பீடமும், அதைச் சுற்றிய புனித எண்ணமும். பிற்காலத்தில் கடல் வழியாக நேரடித் தமிழ்த் தொடர்பும் இருந்தது. ஃபூஜியன் மாகாணத்தின் துறைமுக நகரமான சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்குள்ள கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறம், நம் பக்கத்துச் சிற்ப முறையில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கிய கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அந்தத் தூண்களையும் மேசைமேல் வைக்கும், ஜேட் என்ற கடினமான கல்லில் செய்த தாமரையையும் ஒரே மரபு என்று முடிச்சுப் போட முடியாது. அது கோயில் வேலை. இது வீட்டுப் பரிசு.

சுரைக்கொடி, திராட்சை, பூசணி என்று காய் காய்த்த கொடிகளாகவே ஏன் வருகின்றன?

பிள்ளைப்பேறு வேண்டித்தான். காய்க்குள் விதை நிறைய, கொடியோ அறுபடாமல் ஓடும். சீனாவின் மிகப் பழைய பாடல்களிலேயே, பெரிய பூசணியும் சின்னப் பிஞ்சுமாக ஓடும் கொடியை வம்சம் தழைப்பதற்கு உவமையாகச் சொல்லும் வரி இருக்கிறது. நாம் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்பது போல. அந்தப் 'பிஞ்சு' என்ற சொல் 'தியே', பட்டாம்பூச்சியும் 'தியே'. பூசணிக்கொடியில் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருப்பது இயற்கைக் காட்சிக்காக இல்லை, அதுதான் பிஞ்சு! கொடிக்கு 'வான்' என்று ஒரு பெயர். பத்தாயிரம் என்பதும் 'வான்'. ஆகவே கொடி ஓடினால் பத்தாயிரம் தலைமுறை.

என் மேசையில் கைக்குள் அடங்கும் கல் ஒன்று இருக்கிறது. திராட்சைக் கொத்து, அதன்மேல் வால் சுருட்டிய அணில். பழங்கள் ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. அணிலின் முதுகு வருகிற இடத்தில் மட்டும் கல் பழுப்பாக இருக்கிறது. வாங்கி வெகுநாள் வரை பழம் தின்ன வந்த அணில் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது. அணிலை எலிச் சாதியில் சேர்ப்பார்கள். ஆண்டுகளுக்கு விலங்குப் பெயர் வைக்கும் பன்னிரண்டு விலங்குச் சுழற்சியில் முதலாவது எலி. அந்த இடத்துக்குரிய எழுத்து 'ஸி'. அதே எழுத்துக்குப் 'பிள்ளை' என்றும் பொருள். கொத்துக் கொத்தாகப் பழம், கூடவே பிள்ளை.

விற்றவர் அதை ஜேட் என்றார். அடியில் பேனாக்கத்தியால் லேசாகக் கீறினேன். மாவு மாதிரி உதிர்ந்தது. மாக்கல். நம் கல்சட்டி செய்கிற அதே வகை. விலை கொடுத்தது கொடுத்ததுதான். அணில் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

மாதுளை?

வாய் பிளந்து முத்து தெரியச் செதுக்கிய மாதுளை கல்யாணப் பரிசு. 6ஆம் நூற்றாண்டில் வட சி அரச குடும்பத்து இளவரசன் ஒருவனின் பெண் வீட்டுக்குப் பேரரசர் விருந்துக்குப் போயிருந்தார். பெண்ணின் தாய் இரண்டு மாதுளைகளைக் கொடுத்தாள். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. மாதுளைக்குள் விதை நிறைய, இளவரசருக்குப் புதிதாகத் திருமணமாகியிருக்கிறது, பிள்ளைகள் நிறையப் பிறக்கட்டும் என்று பெண்ணின் தாய் வாழ்த்துகிறாள் என வெய் ஷௌ என்ற அறிஞர் விளக்கினார். அன்றைக்கு விளக்கம் தேவைப்பட்டது. பிற்காலத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவு பழகிப்போனது.

மாதுளை, பீச், 'புத்தர் கை' எனப்படும் விரல் விரலாக நீண்ட நாரத்தை மூன்றும் ஒன்றாக இருந்தால் 'மூன்று நிறைவு' என்பார்கள்: பிள்ளைகள், ஆயுள், பாக்கியம். புத்தர் கை 'ஃபோஷௌ'. பாக்கியமும் ஆயுளும் 'ஃபூஷௌ'. இதுவும் கொஞ்சம் இழுத்த பொருத்தம்தான்.

பீச் பழம் ஏன் நீண்ட ஆயுளுக்கு?

கதையால். மேற்குத் திசை அன்னை எனப்படும் ஷீவாங்மூ தேவியின் தோட்டத்துப் பீச் 3,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் பழுக்கும். தின்றவருக்குச் சாவு இல்லை. ஹான் வம்சத்துப் பேரரசர் வூவின் அவையில் இருந்த தோங்ஃபாங் ஷுவோ அதை மூன்று முறை திருடினான் என்பது கதை. தோளில் பீச் கிளையோடு நழுவிப்போகும் தாடிக்காரக் கிழவர் உருவம் மூங்கில் வேரிலோ ஜேடிலோ கிடைத்தால் அது அவன்தான். திருடன் உருவத்தைப் பெரியவர் பிறந்தநாளுக்குக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பீச்சோடு வௌவால் இருந்தால் முகம் சுளிக்கவேண்டாம். வௌவால் 'ஃபூ', பாக்கியம் 'ஃபூ'.

மேகம் மாதிரியும் காளான் மாதிரியும் ஒன்று வருகிறதே?

அது லிங்ஜி. மரத்தில் வளரும் கெட்டியான காளான்; சாவா மருந்து என்று நம்பப்பட்டது. 'ரூயி' என்கிற வளைந்த கைக்கோலின் தலைப்பகுதி பெரும்பாலும் இந்த வடிவில் இருக்கும். ரூயி என்றால் 'நினைத்தபடி'. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியென்லோங் பேரரசரின் 60ஆம் பிறந்தநாளுக்கு 60 தங்க ரூயிகள் பரிசாக வந்தன. 60 ஆண்டுச் சுழற்சியின் ஒவ்வோர் ஆண்டுப் பெயரும் ஒவ்வொன்றில். பிரபவ, விபவ என்று எண்ணுகிற நமக்கு அந்தக் கணக்கு உடனே புரியும்.

பைன், மூங்கில், பிளம் மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருவது ஏன்?

'குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள்' என்று பெயர். பைனும் மூங்கிலும் பனியில் இலை உதிர்ப்பதில்லை. பிளம் குளிர் முடியுமுன்னே இலையில்லாத கிளையில் பூத்துவிடும். கஷ்ட காலத்திலும் குணம் மாறாதவன் என்று பொருள். இது ஒலி விளையாட்டு இல்லை, செடியின் இயல்பு.

படித்தவர்களின் மேசைக்கென்றே செய்த பொருள்களில் இது அதிகம்: தூரிகை வைக்கும் குடுவை, எழுதும்போது மணிக்கட்டைத் தாங்கும் பலகை, மைக்கல் பெட்டி. பைனுக்குப் பதிலாக ஆர்க்கிட்டும் சாமந்தியும் சேர்ந்தால் 'நான்கு சான்றோர்' ஆகிவிடும். காட்டில் ஆள் பார்க்காத இடத்திலும் மணக்கும் ஆர்க்கிட், பனி விழும் பருவத்தில் பூக்கும் சாமந்தி. மூங்கிலுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. மூங்கிலின் 'கணு' என்ற சொல்லுக்கே ஒழுக்க உறுதி என்றும் பொருள். உள்ளே காலி என்பதைக்கூடக் கர்வமில்லாத மனம் என்று பாராட்டினார்கள். நாம் காலிக் குடத்தை வேறு மாதிரி சொல்வோம்.

பிளம் பூவின் பெயர் 'மெய்' (நம் மெய்யோடு சம்பந்தமில்லை). புருவம் என்பதும் 'மெய்'. பிளம் கிளை நுனியில் மேக்பை பறவை உட்கார்ந்தால் "மகிழ்ச்சி புருவ நுனிவரை ஏறிவிட்டது". மேக்பையின் பெயரில் 'மகிழ்ச்சி' என்ற சொல்லே இருக்கிறது. பாருங்கள், அதே பிளம் சான்றோர் மேசையில் குணத்தைப் பேசுகிறது, கல்யாண வீட்டில் சிரிக்கிறது.

மூங்கிலிலேயே மூங்கிலைச் செதுக்குகிறார்களே, அது எப்படி?

மிகப் பேர்பெற்ற ஊர் ஜியாதிங். இன்றைய ஷாங்காயைச் சேர்ந்தது. மிங் காலத்தில் அங்கே சூ ஹெ, அவர் மகன் சூ யிங், பேரன் சூ சிசெங் என்று மூன்று தலைமுறை இந்த வேலையைக் கலையாக உயர்த்தியது. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினால் கணுவே அடிப்பலகை, குடுவை தயார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'பச்சையை விட்டுவைத்தல்' என்னும் முறை. மூங்கிலின் மேல்தோலில் செடியின் உருவத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் தோலைச் சீவி எடுத்துவிடுவார்கள். தோலின் கனம் காகிதத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். புதிதில் இரண்டுக்கும் நிற வேறுபாடு குறைவு. ஆண்டுகள் போகப்போகச் சீவிய உட்பகுதி தேன் நிறமாகி, செம்பழுப்பாக ஆழ்ந்துபோகும். தோல் வெளிர் மஞ்சளிலேயே நிற்கும். கையில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தால், தோலை மேலும் மேலும் மெல்லிசாக்கி இலையின் தூரத்தையும் பக்கத்தையும் காட்டியிருப்பது தெரியும். செதுக்கியவர் பார்த்ததைவிட நாம் பார்ப்பது அழகு.

சாமந்தி நமக்குச் சாமிக்கும் மாலைக்கும். அங்கே?

ஒதுங்கி வாழ்பவரின் பூ. கவிஞர் தாவோ யுவான்மிங் (365–427) அரசுப் பதவியை விட்டுவிட்டு ஊருக்குப் போய், கிழக்கு வேலியோரம் சாமந்தி பறித்தவர். மேலதிகாரி முன் வளைந்து நிற்கச் சம்பளத்து அரிசி போதாது என்றாராம். வேலியும் சாமந்தியும் தாடிக்காரரும் வந்தால் அவர்தான். ஓய்வு பெறுகிறவருக்குப் பொருத்தமான பரிசு.

பியோனி?

பணம். செல்வமும் மேன்மையும். இதற்கு மேல் இதில் நுணுக்கம் தேடவேண்டாம்.

தைப்பேயில் இருக்கும் ஜேட் முட்டைக்கோஸ் எதைக் குறிக்கிறது?

இதைக் கேட்காதவர் கிடையாது. தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது; நீளம் 18.7 சென்டிமீட்டர். சீன முட்டைக்கோஸ், அதாவது நீண்ட தண்டும் மடிந்த இலையும் உள்ள வகை. கல் ஜேடைட், பாதி வெள்ளை, பாதி பச்சை. சாதாரணமாகச் சிமிழோ வளையலோ செய்தால் இப்படிப்பட்ட கல் கழித்துவிட வேண்டியதுதான். உள்ளே விரிசலும் உண்டு. வேலைக்காரர் வெள்ளையைத் தண்டாகவும் பச்சையை இலையாகவும் ஆக்கினார். விரிசல்கள் இலை நரம்புகளுக்குள் ஒளிந்துகொண்டன. இலை நுனியில் இரண்டு பூச்சிகள். ஒன்று வெட்டுக்கிளி, மற்றொன்று அதன் உறவான, நீண்ட உணர்கொம்பு உள்ள இனம்.

முன்பு இது பெய்ஜிங் அரண்மனையின் யோங்ஹே மாளிகையில் இருந்தது. அங்கே வசித்தவர் குவாங்ஷூ பேரரசரின் துணைவி ஜின். 1889இல் அரண்மனைக்கு வந்தவர். அதனால் இது அவருடைய சீர்வரிசையில் வந்தது என்ற கருத்து பிறந்தது. சீர்வரிசை என்றே வைத்துக்கொண்டால் வெள்ளையும் பச்சையும் மணப்பெண்ணின் தூய்மை, பூச்சிகள் பிள்ளைப்பேறு. கூட்டமாகப் பெருகும் அந்தப் பூச்சியை வைத்துப் பிள்ளைகள் பெருக வாழ்த்தும் பாட்டு ஒன்று பழைய தொகுப்பில் உண்டு.

அதே கோஸை ஓர் அதிகாரிக்குக் கொடுத்தால் வேறு. பச்சை 'சிங்', வெள்ளை 'பாய்'. 'சிங்பாய்' என்றே ஒலிக்கும் இன்னொரு சொல்லுக்குக் கறைபடாதவன் என்று பொருள். இலஞ்சம் வாங்காத கை.

இன்றைக்குக் கடையில் கல்லாப்பெட்டி அருகே வைக்கும் கோஸ் மூன்றாவது வகை. 'பாய்சாய்' என்றால் கோஸ். 'நூறு செல்வம்' என்பதும் அப்படியே ஒலிக்கும். நினைவுப்பொருள் கடைகளில் மிகுதியாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். அதற்காக அரண்மனையில் இருந்த கோஸும் பணத்துக்காக வைத்தது என்று பின்னோக்கிப் படிக்கக் கூடாது.

இன்னொன்று. அரண்மனையில் இந்தக் கோஸ் தனியாக நிற்கவில்லை. எனாமல் பூச்சிட்ட சின்னச் சட்டியில் நட்டுவைத்ததுபோல் இருந்தது. பக்கத்தில் பவளத்தால் செய்த லிங்ஜி. அப்படியானால் அதைச் செடித்தொட்டியாகத்தான் பார்த்தார்கள். நாம்தான் அதைப் பிடுங்கித் தனியாகக் கண்ணாடிக்குள் வைத்துப் பொருள் தேடுகிறோம். துணைவி ஜின்னுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பேரரசருக்கே வாரிசு இல்லை.

ஜேடை உளியால் செதுக்குவார்களா?

முடியாது. நெஃப்ரைட், ஜேடைட் இரண்டு ஜேடும் எஃகைவிடக் கடினம். காலால் மிதித்துச் சுழற்றும் தகட்டில் ஈரமான கடுமணலைக் கொடுத்துத் தேய்க்கவேண்டும். செதுக்குதல் என்று சொன்னாலும் நடப்பது சாணை பிடித்தல்தான். தகடு நுழையாத இடத்தில் இலை செய்ய முடியாது. ஆகவே பழைய ஜேட் இலைகளில் ஓரம் வழவழப்பாக உருண்டு வரும். கூர்மையாக வெட்டிய இலை வேண்டுமானால் மூங்கிலையும் அரக்கையும் பாருங்கள்.

1759இல் சிங் படை இன்றைய ஷின்ஜியாங் பகுதியைப் பிடித்தது. கோத்தான் ஆற்று வெள்ளை நெஃப்ரைட் தாராளமாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கோஸுக்கான ஜேடைட் வகையோ பர்மாவிலிருந்து வந்தது. மெல்லிய முகலாய ஜேட் கிண்ணங்களும் சியென்லோங் பேரரசருக்குக் கிடைத்தன. அவற்றின் இலையும் பூவும் அவருக்கு அவ்வளவு பிடித்ததால் கவிதை எழுதிப் பொறிக்கச் சொன்னார், அரண்மனைப் பட்டறையிலும் அதே பாணியில் செய்தார்கள். அந்தப் பூக்களில் சீனச் சிலேடை தேடினால் கிடைக்காது. அவை வேறு தோட்டத்துப் பூக்கள்.

சிவப்பு அரக்குப் பெட்டி நம் அரக்கா?

இல்லை. நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இது ஒரு மரத்தின் பால். மா, முந்திரி, சேராங்கொட்டை குடும்பத்து மரம். சேராங்கொட்டை பட்டால் என்ன ஆகும் என்று தெரியும் அல்லவா, இந்தப் பாலும் பச்சையாக இருக்கும்போது தோலை அப்படித்தான் படுத்தும். சாதிலிங்கம் கலந்தால் சிவப்பு. ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சு, அதுவும் வெயிலில் அல்ல, ஈரப்பதமான அறையில். நல்ல கனமான பொருளில் நூறு பூச்சுக்கு மேல் இருக்கும். அந்தக் கனத்துக்குள்தான் பூவைச் செதுக்குவார்கள்.

எல்லாச் செடிக்கும் அர்த்தம் இருந்தே ஆகவேண்டுமா?

வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில், மிங் பேரரசர் யோங்லே காலத்துச் சிவப்பு அரக்குத் தட்டுகளைப் பாருங்கள். பியோனி, கமேலியா, மாதுளைப்பூ, சாமந்தி எல்லாம் இடைவெளியில்லாமல் நெருங்கி, இலைமேல் இலையாக. அங்கே புதிர் எதுவும் இல்லை. பருவங்களின் செழிப்பு, கையின் திறமை, இரண்டும்தான். குவாங்சோவில் 1894இல் கட்டி முடித்த சென் குலத்து மண்டபத்தின் மர, செங்கல் வேலைகளில் அந்த ஊர்த் தோட்டத்துப் பழங்களான லிச்சியும் தமரத்தையும் (நட்சத்திரப்பழம்) வரும். அங்கே ஊர்ப்பெருமைதான் முதலில்.

காண்டாமிருகக் கொம்புக் கோப்பைகளில் இன்னொரு காரணம் தெரியும். கொம்பு அடியில் அகன்று நுனியில் குறுகும். தாமரை இலையும் செம்பருத்தி இனப் பூவும் அந்த வடிவுக்குத் தானாகவே பொருந்தும். குறுகிய நுனி தண்டாகிவிடும். பொருளுக்கு முன் வடிவம் வந்திருக்கிறது. (அந்தக் கோப்பைகளை அருங்காட்சியகத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காண்டாமிருகக் கொம்பு, தந்தம் இரண்டின் வணிகமும் பன்னாட்டு உடன்படிக்கையால் தடுக்கப்பட்டது. "பழசுதான்" என்று விற்பவர் சொன்னாலும் சட்டச் சிக்கல் உங்களுக்குத்தான்.)

செடியை வைத்துக் காலத்தைச் சொல்ல முடியுமா?

முடியாது. மிங் காலத்துப் பைனும் போன வருடப் பைனும் ஒரே வாழ்த்தைத்தான் சொல்கின்றன. காலம் வேலைப்பாட்டில் இருக்கும். அரக்கு என்று விற்கும் பெட்டியில் பூவின் பள்ளங்கள் எல்லாம் ஒரே மாதிரி மழுங்கி, ஓரத்தில் அச்சுக் கோடு தெரிந்தால் அது வார்த்த பிசின். உண்மையான அரக்கில் வெட்டிய சரிவைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் பூச்சின் அடுக்குகள் சில இடங்களில் தெரியும். அடியில் பொறித்திருக்கும் பேரரசரின் ஆட்சிப் பெயரை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். பழைய காலத்திலேயே பொறித்தார்கள்.

என்னிடம் இருப்பதை நானே படிக்க எங்கே தொடங்குவது?

முதலில் அது என்ன பொருள் என்று பாருங்கள். தூரிகைக் குடுவையா, நகைச் சிமிழா, மூக்குப்பொடிக் குப்பியா? அதிலேயே யாருக்கு என்பது பாதி தெரிந்துவிடும். பிறகு செடியோடு இருக்கும் சின்ன உயிர்களைத் தேடுங்கள்; பூச்சி, பறவை, வௌவால், அணில். பின்பக்கத்தையும் அடியையும் விட்டுவிடாதீர்கள், ஒளித்துவைத்த இரண்டாவது செடி அங்கேதான் இருக்கும். எண்ணிக்கையையும் கவனியுங்கள். லிச்சி, லாங்கன், வால்நட் என்று மூன்று உருண்டைக் காய் இருந்தால் அது தேர்வுக்கு. உருண்டை 'யுவான்', முதலிடம் 'யுவான்'. மூன்று நிலைத் தேர்விலும் முதலிடம். கடைசியில், சீனம் தெரிந்தவர் ஒருவரிடம் அங்கே இருப்பவற்றின் பெயர்களை வரிசையாக உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் புதிர் காதில் விழுந்துவிடும்.

துடைப்பதற்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தயவுசெய்து வேண்டாம். இலையிடுக்கில் எண்ணெய் தங்கி, அதில் தூசி ஒட்டிக் கறுத்துவிடும். அப்புறம் எடுப்பது பெரும்பாடு. காய்ந்த மென்தூரிகை போதும். ஜேடைத் தண்ணீர் தொட்ட துணியால் துடைக்கலாம். மூங்கிலையும் அரக்கையும் வெயில் விழும் ஜன்னலோரத்திலோ ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்திலோ வைக்காதீர்கள், வெடித்துவிடும்.